கருவியும் கருத்தாவும்

1

தமிழ் இலக்கணத்தில் மூன்றாம் வேற்றுமை உருபான 'ஆல்' விசித்திரமான ஒரு காரியத்தைச் செய்கிறது. உளியால் செதுக்கினான் என்னும்போது அது கருவியைக் காட்டுகிறது. தச்சனால் செதுக்கப்பட்டது என்னும்போது அதே உருபு செய்தவனைக் காட்டுகிறது. கருவிக்கு ஒன்று, கருத்தாவுக்கு ஒன்று என்று மொழி பிரித்து வைக்கவில்லை. இதை மொழியின் போதாமையாகக் கொள்ள வேண்டியதில்லை. வேலை நடந்துகொண்டிருக்கும்போது உளி எங்கே முடிகிறது, கை எங்கே தொடங்குகிறது என்பது செதுக்குகிறவனுக்கே தெரியாது. அந்தத் தெரியாமையை மொழி தன் உடம்பில் பதித்து வைத்திருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இலக்கணக்காரர்கள் இன்னொரு பிரிவினையும் செய்தார்கள். கருத்தா இரு வகை: ஏவுதல் கருத்தா, இயற்றுதல் கருத்தா. அரசனால் ஆன கோயில் என்றால் அரசன் ஏவினான். தச்சனால் ஆன கோயில் என்றால் தச்சன் இயற்றினான். கோயில் ஒன்று, உருபும் ஒன்று. ஆனால் காலம் இந்த இருவரையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. சங்கரன்கோவிலில் சங்கரநாராயணர் கோயிலைக் கட்டியவன் உக்கிரபாண்டியன் என்று தல வரலாறு சொல்லும். ஏவியவன் பெயர் நின்றுவிட்டது. இயற்றியவர்களின் பெயர் நம் ஞாபகத்துக்கு வரவில்லை. அவர்கள் கையிலிருந்த உளிகளும் வரவில்லை. மழுங்கிய உளி கொல்லன் உலைக்குப் போயிருக்கும், மறுபடி கூராகித் திரும்பியிருக்கும், குட்டையாகிக் குட்டையாகிக் கடைசியில் ஆணியாகவோ வேறு ஏதாவதாகவோ மாறியிருக்கும். கல் நிற்கிறது. கல்லைத் தொட்டது எதுவும் நிற்கவில்லை.

இந்த இலக்கணத்தை இங்கே இழுத்து வருவதற்குக் காரணம் உண்டு. பழைய தொழிற்கருவிகளுக்கும் அளவைப் பாத்திரங்களுக்கும் இன்று ஒரு புதிய சந்தை தோன்றியிருக்கிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளைப் பார்த்தவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. தறி நாடா சாவி மாட்டும் கட்டையாகிறது. மரக்கால் பூந்தொட்டியாகிறது. படியில் பேனாக்களைச் செருகி வைக்கிறார்கள். நீளக் காம்புள்ள எண்ணெய் அளவையைக் கவிழ்த்து உள்ளே ஒரு விளக்கைப் பொருத்தி உணவு விடுதியின் மேஜைக்கு மேல் தொங்க விடுகிறார்கள். இவற்றில் சில பார்க்க அழகாகவே இருக்கின்றன. அழகைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. என் கேள்வி வேறு. பழைய கருவி ஒன்றை அடையாளம் காண்கிறோம் என்றால், அதில் யாரை அடையாளம் காண்கிறோம்? அதை வேறொன்றாக மாற்றுகிறோம் என்றால், அந்த மாற்றத்தில் எது கைமாறுகிறது, எது அழிகிறது? ரசனையைப் பற்றிய கேள்விபோலத் தோன்றினாலும் இது அறம் பற்றிய கேள்வி என்று எண்ணுகிறேன்.

2

சங்கரன்கோவில் ஒரு கோயிலூர். அதே அளவுக்குத் தறியூர். திருநெல்வேலி ஜில்லாவாக இருந்து 2019-லிருந்து தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்துவிட்ட இந்த ஊரில் சில தெருக்களுக்குள் நுழைந்தால் வீட்டுக்குள்ளிருந்து விசைத்தறியின் சத்தம் கேட்கும். கைத்தறி இருந்த இடத்தில் விசைத்தறி வந்தது. இப்போது விசைத்தறியிலேயே பழையவை கழிந்துகொண்டிருக்கின்றன. நாடாவே இல்லாமல் நெய்யும் தறிகள் உலகச் சந்தையைப் பிடித்துக்கொண்ட பிறகு, நாடாத் தறியின் ஆயுள் எண்ணப்பட்ட ஒன்றுதான். கழிந்தவை பழைய இரும்புக் கடைக்கு வருகின்றன. அங்கே பல் சக்கரம், நாடா, தார்க் குச்சி, தறிக்கு எண்ணெய் விடுகிற கூர்மூக்கு டப்பா எல்லாம் ஒரு குவியலாகக் கிடக்கும். பக்கத்திலேயே கிராமங்களிலிருந்து வந்த ஏற்றச்சால், கலப்பைக் கொழு, படி, உழக்கு.

இப்படிப்பட்ட ஒரு கடையில் அடிக்கடி உட்கார்ந்திருக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அங்கே மூன்று விதமான அடையாளம் காணல் நடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

முதலாவது கடைக்காரருடையது. அவர் காந்தத்தை வைத்துப் பார்ப்பார். தட்டி ஓசையைக் கேட்பார். வெண்கலம் நீண்டு ஒலிக்கும், பித்தளை சீக்கிரம் அடங்கும், வார்ப்பிரும்பு மொண்ணையாகச் சத்தமிடும். அரத்தால் ஓரத்தில் ஒரு கீறு. அதோடு விஷயம் முடிந்தது. பொருள் உலோகமாகிவிட்டது. பிறகு எடைதான். இரண்டாவது, பட்டணத்திலிருந்து வருகிற தரகருடையது. அவர் உருவத்தையும் வயதையும் பார்க்கிறார். மூடியில் பூ வேலை உண்டா, பிடியில் யாளி உண்டா, வீட்டுப் பெயரோ முதலெழுத்தோ வெட்டியிருக்கிறதா. பெயர் இருந்தால் விலை கூடும். மூன்றாவது அடையாளம் காணல் அபூர்வமாகத்தான் நிகழும். அதைச் செய்யக் கூடியவர்கள் கடைக்கு வாங்க வருவதில்லை, விற்க வருகிறார்கள்.

தறி ஓட்டி ஓய்ந்த ஒருவர் கையில் ஒரு நாடாவைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். முழத்துக்குச் சற்றுக் குறைந்த நீளம், இரு முனையிலும் இரும்பு மூக்கு, நடுவே தார் உட்காரும் பள்ளம், பக்கவாட்டில் நூல் வெளிவரும் பீங்கான் கண். அவர் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே கட்டைவிரல் அதன் முதுகில் ஓடும். அச்சை உரசி ஓடுகிற பக்கம் அதுதான். தேய்மானம் ஒரே சீராக இருந்தால் தறி ஒழுங்காக இருந்தது. ஒரு முனையில் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் தறியில் கோளாறு, ஓட்டியவருக்கு அது தொல்லை கொடுத்திருக்கும். நாடா அடிக்கடி துள்ளி வெளியே விழுந்திருக்கும், யார் மீதாவது பட்டிருக்கக்கூடும். கண் எந்தப் பக்கம் என்று பார்த்து எந்தக் கைத் தறிக்கு உரியது என்று சொல்வார். எண்ணெய் டப்பாவை எடுத்தால் அதன் அடித்தகட்டைப் பார்ப்பார். அழுத்தி அழுத்திக் கட்டைவிரல் பட்ட வட்டம் மட்டும் வெளுத்திருக்கும். அதன்மேல் தன் விரலை வைத்துப் பார்ப்பார். விரல் பொருந்திவிட்டால் ஒன்றும் சொல்லாமல் கீழே வைத்துவிடுவார்.

ஒரு கருவியில் இரண்டு வகையான எழுத்துகள் இருக்கின்றன என்பதை இவர்களிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன். ஒன்று வெட்டிய எழுத்து. உடைமையாளன் பெயர், கம்பெனி முத்திரை, வருஷம். இது ஏவுதல் கருத்தாவின் கையெழுத்து. மற்றது தேய்ந்த எழுத்து. யாரும் எழுத நினைக்காமல் எழுதப்பட்டது, உடம்பின் எடையால் வருஷக்கணக்காக எழுதப்பட்டது. இயற்றுதல் கருத்தா வேறெங்கும் கையெழுத்துப் போட்டதில்லை. தரகர் முதல் எழுத்தைப் படிக்கிறார். இரண்டாவது எழுத்தை 'அழுக்கு' என்கிறார். வாங்கிப் போனதும் முதல் வேலையாக அதைத் தேய்த்து, மெருகேற்றி, வார்னிஷ் பூசி அழித்துவிடுகிறார்கள்.

தேய்ந்த எழுத்து எத்தனை தூரம் உடம்புக்குள் போகும் என்பதற்கு லங்காஷயர் ஆலைகளின் கதை ஒன்று போதும். அங்கே நாடாவில் புது நூல் கோக்கும்போது நெசவாளர் நாடாக் கண்ணில் வாய் வைத்து நூலை உறிஞ்சி வெளியே இழுப்பார். 'நாடாவை முத்தமிடுவது' என்று அதற்கு ஒரு காதல் பெயர். ஒரே நாடாவில் பல வாய்கள். பஞ்சுத் தூசியும் எண்ணெயும் சுவாசத்தோடு உள்ளே போயின, ஒருவர் நோய் இன்னொருவருக்குப் போயிற்று. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் 1911-ல் இதைத் தடை செய்தது. பிரிட்டனில் கட்டுப்பாடு வர 1952 வரை ஆயிற்று. இன்று அதே நாடாக்கள் இணைய அங்காடிகளில் மெழுகுவர்த்தித் தாங்கியாகக் கிடைக்கின்றன. மெழுகுவர்த்தி ஏற்றுவது பாவமல்ல. ஆனால் அந்தக் கண் எதற்காக, யாருடைய உதடுகளுக்காக அப்படி வைக்கப்பட்டது என்று தெரியாமல் அதை 'நேர்த்தியான வேலைப்பாடு' என்று ரசிக்கும் கணத்தில் ஏதோ ஒன்று நம்மிடம் பழுதாகிறது.

3

நாடா தொழிலாளிக்கும் வேலைக்கும் நடுவில் நிற்கிற பொருள். படி அப்படியல்ல. அது இரண்டு மனிதர்களுக்கு நடுவில் நிற்கிறது. ஒருவர் கொடுக்கிறார், ஒருவர் பெறுகிறார். ஆகவே அதில் வெறும் உழைப்பின் தடம் மட்டுமில்லை, ஒரு நியாயமோ அநியாயமோ உறைந்திருக்கிறது.

ஒரு நாள் கடையில் இரண்டு இரும்புப் படிகள் இருந்தன. உயரம் ஒன்று, வாய் ஒன்று, இரண்டிலும் வெளியே பட்டைக் கட்டு. பழைய அலுமினியப் பாத்திரங்களை எடைக்குப் போட வந்திருந்த ஒரு முதியவள், கடைக்காரர் தராசில் கல் வைக்கிற நேரத்தில், சும்மா ஒரு படியை எடுத்தாள். உள்ளே கையை விட்டாள். விரல் நுனி அடியைத் தொட்டதும் எடுத்துவிட்டாள். அடுத்ததில் விட்டாள். கை இன்னும் கொஞ்சம் உள்ளே போயிற்று. முதல் படியைச் சுட்டி, "இது போடுத படில்லா. வாங்குத படி மத்தது" என்றாள். கடைக்காரருக்குப் புரியவில்லை. "அறுப்புக்குப் போனா கூலி போடுத படி இது, அண்ணாச்சி. அவுக நெல்லு வாங்கயில இத எடுக்க மாட்டாக" என்றாள். கவிழ்த்துப் பார்த்தோம். வெளியிலிருந்து ஒன்றும் தெரியவில்லை. உள்ளே அடிக்கு மேலே இன்னொரு தகடு வைத்துப் பற்றவைத்திருந்தது. கடையில் தீவனத்துக்கு வைத்திருந்த கம்பை ஒன்றில் தலைதட்ட அளந்து மற்றதில் கொட்டினோம். ஒரு கைப்பிடிக்கு மேல் துண்டு விழுந்தது.

அவள் முகத்தில் கோபம் இல்லை. எனக்குத்தான் ஏதாவது இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு. அவள் அலுமினியத்துக்கு உரிய காசை எண்ணி முடிச்சிட்டுக்கொண்டு போய்விட்டாள். கடைக்காரர் இரண்டு படிகளையும் எடைபோட்டார். உள்தகடு இருந்ததால் பொய்ப் படி எடை அதிகம். விலையும் அதிகம்.

இதை ஒரு தனி மனிதனின் அயோக்கியத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. அளவையின் சரித்திரம் முழுவதும் இந்தச் சண்டைதான். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்று வாய்பாடு எல்லா ஊரிலும் ஒன்றாகவே ஒலித்தது. ஆனால் படி ஊருக்கு ஊர் வேறு. சில இடங்களில் வீட்டுக்கு வீடு வேறு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் 'ஆடவல்லான்' என்ற மரக்கால் வருகிறது. கடவுளின் பெயரை ஓர் அளவைக்கு வைப்பதில் பக்தி மட்டும் இல்லை, ஒரு சந்தேகமும் இருக்கிறது. கடவுள் பெயர் இல்லாவிட்டால் அளக்கிறவனை நம்ப முடியாது என்ற சந்தேகம். களத்தில் நெல் அளக்கும்போது ஒன்று என்று தொடங்காமல் 'லாபம்' என்று தொடங்குவது நம் வழக்கம். யாருடைய லாபம் என்று அந்த எண்ணிக்கை சொல்வதில்லை. குவித்து அளப்பதா, விளிம்போடு வழித்து அளப்பதா என்பதையும் படி தீர்மானிப்பதில்லை, பிடித்திருக்கிற கை தீர்மானிக்கிறது.

1940-களில் தஞ்சை வட்டாரத்தில் பண்ணையாட்களும் குத்தகைக்காரர்களும் சங்கம் சேர்ந்தபோது அவர்கள் கேட்டவற்றில் ஒன்று, முத்திரை மரக்காலால் அளக்க வேண்டும் என்பது. கள்ள மரக்கால் கூடாது. எவ்வளவு சாதாரணமான கோரிக்கை. கூலி உயர்வுகூட அல்ல, ஒப்புக்கொண்ட கூலி ஒப்புக்கொண்ட அளவில் வர வேண்டும் என்பது. 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து போனதற்குப் பின்னணியாக இருந்ததும் நெல்லாக அளக்கப்படும் கூலியைப் பற்றிய தகராறுதான். இவ்வளவும் தெரிந்த பிறகு ஒரு மரக்காலைப் பூந்தொட்டியாகப் பார்ப்பது எனக்குச் சுலபமாக இல்லை. கொலைக் கருவியை நீதிமன்றத்தில் சாட்சிப் பொருளாக வைக்கிறார்கள். அதைக் கழுவி அலமாரியில் வைத்தால் அதற்கு வேறு பெயர்.

படியின் முதல் மாற்று உபயோகத்தைச் செய்தது கலைஞனோ தரகனோ அல்ல, சட்டம். 1956-ல் எடை அளவைச் சட்டம் இயற்றப்பட்டு, 1958 அக்டோபர் முதல் படிப்படியாக மெட்ரிக் முறை நடைமுறைக்கு வந்தது. லிட்டரும் கிலோவும் கடைக்கு வந்தன. படி கடையை விட்டுச் சமையலறைக்குப் போயிற்று. இன்றும் நம் வீடுகளில் உலைக்கு அரிசி போட உழக்கைத்தான் எடுக்கிறார்கள். அங்கே அதற்கு எதிர்த் தரப்பு இல்லை. அளக்கிறவளே சமைக்கிறாள், சமைக்கிறவளே கடைசியில் சாப்பிடுகிறாள். மாற்றங்களில் இதை நான் மிகக் கண்ணியமான மாற்றம் என்பேன். பொருளின் குணம் கெடவில்லை, அதன் அதிகாரம் மட்டும் கழன்றுவிட்டது.

4

கலை இந்த விஷயத்தில் என்ன செய்தது என்று பார்க்கலாம். மார்செல் துஷாம்ப் 1914-ல் பாரிஸில் ஒரு கடையில் புட்டிகளைக் கவிழ்த்து உலர்த்தும் இரும்புத் தாங்கி ஒன்றை வாங்கினார். எதையும் மாற்றவில்லை. தேர்ந்தெடுத்ததே படைப்பு என்றார். பின்னால் அவர் நியூயார்க் போய்விட, அவர் அறையை ஒழித்துச் சுத்தம் செய்த சகோதரி சுசான் அதைக் குப்பை என்று எறிந்துவிட்டாள். இன்று மியூசியங்களில் இருப்பவை பின்னால் வந்த பிரதிகள். சரித்திரக்காரர்கள் இதை ஒரு வேடிக்கையாகச் சொல்வார்கள். எனக்கு சுசான் செய்தது ஒரு விமர்சனமாகவே படுகிறது. அவள் அதை அடையாளம் கண்டாள். புட்டி இல்லாத வீட்டில் புட்டித் தாங்கி எதற்கு? நம் ஊரில் புற்றுமண்ணை எடுத்துப் பிரசாதமாக நெற்றியில் இட்டுக்கொள்கிறோம், நோய்க்கு மருந்தாகப் பூசிக்கொள்கிறோம். மண் மாறவில்லை, இடமும் பெயரும் மாற்றியிருக்கின்றன. துஷாம்ப் செய்ததும் உருவத்தில் இதுதான். ஆனால் புற்றுமண்ணை மருந்தாக்கியது ஒரு தனி மனிதனின் சாதுரியம் அல்ல, தலைமுறைகளின் பயமும் நம்பிக்கையும். அதைக் குப்பை என்று எறிய ஊரில் ஒரு சகோதரியும் துணிய மாட்டாள்.

பிக்காஸோ 1942-ல் சைக்கிளின் ஆசனத்தையும் கைப்பிடியையும் சேர்த்துக் காளைத் தலை செய்தார். அதைப் பற்றி அவர் சொன்னதாக வருகிற ஒரு பேச்சு எனக்குப் பிடிக்கும். இந்தக் காளையை யாராவது குப்பையில் கண்டெடுத்து, அட, என் சைக்கிளுக்கு இது உதவுமே என்று எடுத்துப் போனால் மாற்றம் முழுமையாகும் என்ற பொருளில் சொன்னது. திரும்பிப் போகும் வழியை அடைக்காமல் வைத்திருப்பது என்பது கலைஞனிடம் அபூர்வமான பணிவு. அடியில் துளை போட்ட படி மறுபடி அளக்க முடியாது. துளை போடாமல் பேனா செருகிய படி அளக்கும்.

தத்துவவாதிகள் பக்கம் ஹைடெக்கர். 1927-ல் வந்த 'இருத்தலும் காலமும்' நூலில் அவருடைய சுத்தியல் பிரசித்தம். அடித்துக்கொண்டிருக்கும்வரை சுத்தியல் நம் பிரக்ஞையில் இல்லை. பிடி உடையும்போதுதான் அது ஒரு வஸ்துவாக நம் முன் வந்து நிற்கிறது. இது உண்மை. ஆனால் அவருடைய பட்டறையில் கூலி நாள் வருவதில்லை. சங்கரன்கோவில் விசைத்தறித் தொழிலாளிக்குத் தறி உடையாமலே, ஒவ்வொரு வாரமும் கணக்குப் பார்க்கும் நாளில், வஸ்துவாக முன்னால் வந்து நிற்கிறது. எத்தனை சேலை, சேலைக்கு எவ்வளவு, எத்தனை தள்ளுபடி. அந்த முதியவளுக்குப் படி உடைந்து போகவில்லை. அது கச்சிதமாக வேலை செய்தது, அதனால்தான் அவள் கை அதை இத்தனை வருஷமாக மறக்கவில்லை. கருவி பழுதாகும்போது தோன்றுவது ஒரு அறிவு. கருவி பிறர்க்காகப் பழுதின்றி இயங்கும்போது தோன்றுவது இன்னொரு அறிவு. இரண்டாவதைப் பற்றித் தத்துவம் அதிகம் பேசியதில்லை.

இதற்கு எதிராக ஒரு நியாயமான வாதம் உண்டு. பழைய கருவியைப் புனிதப் பொருளாக்குவது உழைத்தவனுக்கு நீ செய்கிற இன்னொரு துரோகம், அவன் அதிலிருந்து விடுதலையை அல்லவா விரும்பினான் என்று கேட்கலாம். தன் மகன் தறிக்குழியில் காலை வைக்கக் கூடாது என்று படிக்க வைத்தவனிடம் போய், அந்த நாடாவைப் பத்திரமாக வை என்று உபதேசிக்க எனக்கு என்ன யோக்கியதை? உண்மைதான். உழைக்கிறவர்களுக்குத் தங்கள் கருவிகளிடம் உருக்கம் அதிகம் கிடையாது. ஒடிந்த நாடா குழந்தைக்குப் படகாகும். தறிச் சட்டம் தொழுவத்துக்கு உத்தரமாகும். ஓட்டைப் படியில் கோழிக்குத் தவிடு வைப்பார்கள். லாரி டயரில் செருப்பு தைப்பார்கள். மாற்று உபயோகம் என்ற கலையைப் பட்டணத்துக்காரன் கண்டுபிடிக்கவில்லை, இல்லாமை கண்டுபிடித்தது.

ஆயுத பூஜையை நினைத்துப் பாருங்கள். அன்று கருவிகளைத் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்துச் சும்மா இருக்க விடுகிறோம். தறி ஓடாது. உளி படுத்திருக்கும். ஆனால் மறுநாள் விஜயதசமி. வைத்ததை எடுத்தாக வேண்டும், ஓர் இழையாவது ஓட்டியாக வேண்டும். அந்த வணக்கத்துக்குள்ளேயே அதன் காலக்கெடுவும் இருக்கிறது. எடுப்பதற்காகவே வைக்கிற பூஜை அது. அலமாரியில் வைத்த நாடாவுக்கு விஜயதசமி வருவதில்லை. அது முடிவில்லாத பூஜையில் மாட்டிக்கொண்டுவிட்டது.

ஆக, மாற்றுவது தவறு என்று நான் வாதிடவில்லை. கோழிக்குத் தவிடு வைத்த படிக்கும் பூந்தொட்டியான படிக்கும் வித்தியாசம் இருக்கிறது, அது என்ன என்பதுதான் கேள்வி. தவிடு வைக்கிறவளுக்கு அது படி என்று தெரியும். எத்தகைய படி என்றும் தெரியும். வேண்டுமென்றால் அதை மறந்துவிடலாம், அவள் கணக்கு அது, தீர்ப்பதும் விடுவதும் அவள் விருப்பம். பூந்தொட்டி வைக்கிறவன் மறக்கவில்லை. அவனுக்குத் தெரியவே தெரியாது. தெரியாமல் இருப்பதற்காகவே அதைப் பளபளப்பாக்கி வாங்கியிருக்கிறான். மறப்பது உழைத்தவரின் உரிமை. தெரியாதிருப்பது வாங்குகிறவரின் வசதி. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொள்வதில்தான் நம் காலத்துப் பழம்பொருள் ரசனையின் பொய் இருக்கிறது.

இதைவிட ஒரு படி மோசமான காட்சியும் உண்டு. எந்த வீட்டுக் களத்தில் அந்தப் படி கூலி அளந்ததோ அந்த மாதிரி வீட்டின் வரவேற்பறையிலேயே அது இன்று 'பாரம்பரியம்' என்ற பெயரில் உட்கார்ந்திருக்கிறது. படிக்குள் கைவிட்டு ஆழம் அறிந்தவர்கள் அந்த வரவேற்பறைக்குள் அன்று வந்ததில்லை. படி உள்ளே வந்துவிட்டது, கை வெளியே நின்றுவிட்டது. வெட்டிய எழுத்துக்கு இடம் கிடைத்திருக்கிறது, தேய்ந்த எழுத்துக்கு இல்லை.

5

ஆடித் தபசுக்குச் சங்கரன்கோவில் வருகிறவர்கள் அந்தக் கதையைத் திரும்பச் சொல்வார்கள். சங்கன், பதுமன் என்று இரண்டு நாக அரசர்கள், ஒருவன் சிவனே பெரியவன் என்றான், மற்றவன் திருமாலே பெரியவன் என்றான். கோமதி அம்மன் தவமிருந்து இருவரையும் ஒரே உருவில் காட்டச் செய்தாள். ஒரு பாதி சிவன், ஒரு பாதி திருமால். நான் அதன் சமயப் பொருளுக்குள் போகவில்லை. ஒரு பாதியை மட்டும் பார்த்துவிட்டுத் தரிசனம் ஆயிற்று என்று திரும்பக் கூடாது என்பதே அந்தக் கோயில் எனக்குச் சொல்கிற விஷயம். அதைக் காணத் தவம் வேண்டியிருந்தது என்பதும் கவனிக்கத் தக்கது. ஒரு பாதி எப்போதும் எளிதாகத் தெரிந்துவிடும்.

பழைய கருவியும் அப்படிப்பட்ட ஓர் உருவம்தான். ஏவியவனும் இயற்றியவனும் ஒரே இரும்பில் இருக்கிறார்கள். அடையாளம் காண்பது என்றால் இரண்டு பாதியையும் காண்பது. அதற்கு உலோகத்தைத் தட்டிப் பார்த்தால் போதாது, பெயரைப் படித்தால் போதாது. கையை உள்ளே விட வேண்டும். கையை விட்டால் தெரிந்துவிடும் என்பதற்கும் உத்தரவாதமில்லை. என் கை அந்தப் படிக்குள் போனபோது எனக்கு இரும்பின் குளிர்ச்சி மட்டும்தான் தெரிந்தது. அடி உயர்ந்திருப்பதை அறிய, அதில் வாங்கிக் குறைந்திருக்க வேண்டும். குறையாதவர்களுக்கு மிஞ்சுவது விசாரித்தல். யார் இதைப் பிடித்தார்கள், எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, இது எவ்வளவு கொள்ளும், கொள்வதாகச் சொல்லப்பட்டது எவ்வளவு என்று கேட்பது. கேட்பதற்கு இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். இன்னும் எத்தனை வருஷத்துக்கு இருப்பார்கள் என்று சொல்ல முடியாது.

விசாரித்த பிறகு படியில் பேனா வைக்கலாம், பூ வைக்கலாம், உருக்கிக்கூடப் போடலாம். உருக்குவது நேர்மையான காரியம், இரும்பு இரும்பாகிறது. ஆனால் பொய்ப் படியை மட்டும் நான் உருக்க விடமாட்டேன். அழகாக்கவும் விடமாட்டேன். அதன் உள்தகட்டைக் கழற்றாமல், துரு ஏறியதைத் தேய்க்காமல், பக்கத்தில் ஒரு சரியான படியையும் வைத்து, அருகில் ஒரு மூட்டை தானியத்தையும் வைத்து, ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கச் சொல்வேன். பிள்ளைகள் ஒன்றில் அளந்து மற்றதில் கொட்டிப் பார்க்கட்டும். எட்டுப் படிக்கு எவ்வளவு குறைகிறது, ஓர் அறுப்புக் காலத்துக்கு எவ்வளவு, ஒரு ஆயுளுக்கு எவ்வளவு என்று கணக்குப் போடட்டும். அப்படி வைத்தால் அதற்கும் ஓர் உபயோகம் இருக்கிறது. செய்தவன் நினைத்த உபயோகம் அல்ல. ஆனாலும் அளப்பது என்ற வேலையை அந்தப் படி முதல் தடவையாகச் சரியாகச் செய்யும்.